கரடி ஆப்பிள் தின்கிறது

வள்ளியாத்தாள் வீட்டில் கொஞ்ச நாளாகக் கரடியைத் தவிர வேறு பேச்சே இல்லை. கரடி ஆப்பிள் தின்கிறது. கரடி பால் குடிக்கிறது. கரடி சமையலறையில் இருக்கிறது. அத்தனையும் ருமேனிய மொழியில். சொல்கிறவர் அவள் புருஷன் சென்னியப்பன். கேட்டுக்கொண்டு தப்பு, தப்பு என்று சிவப்பு விளக்குக் காட்டுவது அவருடைய செல்போன்.

எல்லாம் மகள் ராதிகாவால் வந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று ருமேனியாவுக்குப் போனவள், அங்கே மிஹாய் என்ற பையனைப் பிடித்துப்போய், அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சென்னியப்பன் குதித்தார், சாப்பிடாமல் கிடந்தார், அப்புறம் பையனோடு வீடியோவில் பேசி, அவன் அப்பனும் விவசாயிதான், சோளம் போடுகிறவர் என்று தெரிந்ததும் படக்கென்று இறங்கி வந்துவிட்டார். சித்திரையில் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மண்டபத்தில் கல்யாணம். கீழே வெயில் கொளுத்தும், சம்பந்திகள் தாங்கமாட்டார்கள், அதனால் அதுவரைக்கும் கொல்லிமலைத் தோட்டத்து வீட்டில் தங்கட்டும் என்று ஏற்பாடு. பையனுக்கு இங்கிலீஷ் தெரியும். பெற்றவர்களுக்கு ருமேனிய பாஷையை விட்டால் ஒன்றும் கிடையாது.

"சைகையில பேசிக்கலாமுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

"வாங்கன்னு கூப்படறதையுமா? புரியாத பாசையில வாங்கன்னு சொன்னா அது சொன்ன கணக்குல வருமா? நாளைக்கு அந்த மனுசன் ஊருக்குப் போயி, சம்மந்தி என்னை வாங்கன்னே கூப்படலைன்னு சொல்லிப்போட்டாருன்னா மூஞ்சியக் கொண்டுபோயி எங்க வெக்கறது?"

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வாங்க என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. வீட்டுக்கு வந்தவரை அங்கிருக்கிற பெரிசு சிறிசு அத்தனை பேரும் மூஞ்சியைப் பார்த்து வாங்க என்று சொல்ல வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வந்தேனுங்க, வந்தேனுங்க என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு ஆள் விட்டுப்போனாலும் போச்சு. இலையில் என்ன பரிமாறினாலும் இறங்காது, பேரன் பேத்தி காலம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

அப்படி ஒரு வாங்க விட்டுப்போனதால்தான் வள்ளியாத்தாளின் வீடு இரண்டாகக் கிடந்தது. அவள் அண்ணன் முருகானந்தத்தின் தோட்டம் அடுத்த வேலிதான். அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்குச் சென்னியப்பன் பழத்தட்டோடு போய் வாசலில் நின்றார். எல்லாரும் வாங்க என்றார்கள். முருகானந்தம் மட்டும் சொல்லவில்லை. வாய் நிறைய வெற்றிலை, தலையை ஆட்டினேன் என்பது அவர் கட்சி. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவதற்கு நான் என்ன பஸ் கண்டக்டரா என்பது இவர் கட்சி. பழத்தட்டோடு திரும்பியவர், நேராக மாசி பெரியசாமி கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை ஏற்றி, "இனி என் மச்சாங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன் சாமி" என்று சத்தியம் பண்ணிவிட்டார். பெரியசாமி சாதாரணச் சாமி இல்லை. அங்கே சத்தியம் பண்ணி மீறியவனை ஊர் கை காட்டிப் பேசும். இதைக் கேட்ட முருகானந்தம் சும்மா இருப்பாரா? "என் வாசல்ல வந்து திரும்பிப் போன மனுசன், அவரு வாயால வாங்கன்னு கூப்பிட்டாலொழிய அந்த ஊட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்றுவிட்டார் அவர்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் வள்ளியாத்தாள்தான் தபால்காரி. தண்ணீர் முறை, வேலி, மாடு மேய்ந்தது, எல்லாம் அவள் வாய் வழியாகப் போய் அவள் வாய் வழியாகத் திரும்பும். அதெல்லாம் பழகிப்போயிற்று. ஆனால் இப்போது வந்திருப்பது ராதிகாவின் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படிக் கல்யாணம்? மாமன் சீர் கொண்டுவர வேண்டும், பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும், கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். வீட்டு வாசலே மிதிக்காத மாமன் மணவறைக்கு எங்கே வருவது? ராதிகா போனில் வேறு அழுதுவிட்டாள். "மாமா கை புடிக்கலைன்னா நான் ரெஜிஸ்டர் ஆபீசுலயே முடிச்சுக்கறேம்மா" என்றாள்.

ராதிகா கெட்டிக்காரி. அப்பனுக்கு மட்டும் பாஷை கற்றுக்கொடுக்கும் ஆப்பை ஏற்றாமல், மாமனுக்கும் ஏற்றிவிட்டாள். "சம்மந்தி பக்கத்துல மாமாதானே உக்காரோணும், நாலு வார்த்தை பேச வேண்டாமா" என்று ஒரு சாக்கு. இதில் ஒரு சிக்கல். அந்தத் தோட்டங்களில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். வேலிக்கு நடுவில் கிடக்கும் பாறை. அரியூர் நாட்டுப் பக்கம் போகிறவர்கள்கூட நின்று போன் பேசிவிட்டுப் போவதால் அதற்கு டவர்ப் பாறை என்றே பெயர். பாறையின் இந்தப் பாதி சென்னியப்பனுக்கு, அந்தப் பாதி முருகானந்தத்துக்கு. காலைத் தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடம் படிப்பார்கள்.

"ஊர்சுல் மனின்கா உன் மர்" என்று இந்தப் பக்கத்துப் போன் சொல்லும். கரடி ஆப்பிள் தின்கிறது என்று அர்த்தம்.

"ஊர்சுல்லுங்க மனின்காங்க" என்பார் சென்னியப்பன்.

போன் சிவப்புக் காட்டும். வாயைத் திறந்தால் ங்க போடாமல் அவருக்கு வார்த்தை வராது. புதுப் பாஷை, யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாது, எதற்கும் மரியாதையாகவே இருக்கட்டும் என்று கரடிக்கும் போட்டார், ஆப்பிளுக்கும் போட்டார். போதாததற்குப் போனோடு வாக்குவாதம் வேறு. "கரடி எங்கீடா ஆப்பிள் திங்குது? நம்ம மலைக் கரடியெல்லாம் பலாப்பழந்தான் திங்கும். ஒண்ணுந் தெரியாம பாடம் எழுதிப்போடறானுக."

முருகானந்தத்துக்கு இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நரகமாக இருந்தது. அவர் வேகமாகப் படித்துக்கொண்டு போனார். அடுத்த பாடத்துக்குப் போக முடியாமல் முதுகுக்குப் பின்னால் ஒரு மனுஷன் கரடிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு நாள் தாங்கமாட்டாமல், எங்கோ சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தபடி, "ஊர்சுல் மனின்கா உன் மர்!" என்று கத்தினார்.

சென்னியப்பன் விறைத்துப் போனார். பிறகு அவரும் தன் பக்கத்து மரத்தைப் பார்த்து, "ஊர்சுல் மனின்கா உன் மர்" என்றார், ங்க இல்லாமல். போன் பச்சை காட்டியது.

அப்புறம் முருகானந்தம், "உன்தே யெஸ்தே ஊர்சுல்?" என்றார். கரடி எங்கே இருக்கிறது?

"இன் புக்கதரியே" என்றார் சென்னியப்பன். சமையலறையில்.

காப்பிச் சொம்போடு வந்த வள்ளியாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து இவர்கள் இரண்டு பேரும் பேசுகிறார்கள்! என்ன பேசுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. நில எல்லையா? வெட்டுக்குத்தா? அவசரமாகத் தன் போனில் ராதிகாவைக் கூப்பிட்டு, போனை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

"என்னமோ ஊர்சுலு ஊர்சுலுன்னு பேசிக்கறாங்க கண்ணு. சண்டையா?"

"இல்லம்மா. கரடி சமையல்ரூம்புல இருக்குதுன்னு அப்பா சொல்றாரு."

"நம்ம ஊட்டுச் சமையல்ரூம்புலயா?"

"அய்யோ, பாடம்மா!"

அன்று சாயங்காலம் புருஷனிடம் மெதுவாக எடுத்தாள். "ஏனுங்க, அண்ணங்கூடப் பேசறீங்களாட்ட இருக்குது?"

"யாரு பேசுனது? பாடம் ஒப்பிக்கறேன். கரடியப் பத்திச் சொன்னா அது பேச்சா? பெரியசாமிக்குத் தெரியாதா பேச்சு எது, பாடம் எதுன்னு?"

பெரியசாமிக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. பாடம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று. காலையில் போன மனுஷன் மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட்டால்தான் வருவார். வள்ளியாத்தாள் பக்கத்தில் போனால் மட்டும், "ஊர்சுவாயிக்கா வீனே" என்று யாராவது ஒருவர் முனகுவார், இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொள்வார்கள். அது என்னவென்று ராதிகாவைக் கேட்டாள். ராதிகா சொல்லமாட்டேன் என்று சிரித்து, கடைசியில், "பொம்பளைக் கரடி வருதுன்னு சொல்றாங்கம்மா" என்றாள். வள்ளியாத்தாள் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். காப்பி கொடுக்கும் சாக்கில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவும் ஆரம்பித்தாள்.

ஒரு நாள் பாறையில் சத்தம் பெரிதாகக் கேட்டது. வள்ளியாத்தாளின் போனில் ராதிகா லைனில் இருந்தாள். முருகானந்தம் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "பிசீகா மனின்கா. ஊர்சுல் வீனே. பிசீகா நூ வொர்பெஷ்தே!"

"பூனை சாப்பிடுது. கரடி வருது. பூனை பேசலை" என்று ராதிகா தமிழில் சொன்னாள். "இதுக்கு ஏம்மா மாமா இவ்ளோ கத்தறாரு?"

சென்னியப்பனும் எழுந்துவிட்டார். "பிசீகா வேதே ஊர்சுல்! வேதே!"

"பூனை கரடியைப் பாக்குது, பாக்குதுங்கறாரு அப்பா. அம்மா, இந்தப் பாடம் ஆப்புலயே இல்லையே?"

ராதிகாவுக்குப் புரியவில்லை. வள்ளியாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலை மென்ற பூனை யார், பழத்தட்டோடு வந்த கரடி யார் என்று அவளுக்குத் தெரியாதா? அத்தனை வருஷமாக அவள் வாய் வழியாகப் போய்வந்த வழக்கு, இப்போது பூனையாகவும் கரடியாகவும் பாறை மேல் நேருக்கு நேர் நடந்துகொண்டிருந்தது. முருகானந்தம் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிசீகா நூ யெஸ்தே பூனா" என்றார். பூனை நல்லதில்லை.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். வேலியைப் பார்த்துக்கொண்டு, "ஊர்சுல் நூ யெஸ்தே பூன்" என்றார். கரடியும் நல்லதில்லை. வள்ளியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

இனி என்ன, முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். எங்கே முடிந்தது? இந்த ஆம்பளைகளின் வறட்டுக் கௌரவம் இருக்கிறதே! சம்பந்திக்காகச் சென்னியப்பன் வாங்க என்பதற்கான ருமேனிய வார்த்தையைப் படித்து முடித்திருந்தார். பீனே அத்ஸ் வெனீத். "அதையே எங்கண்ணனுக்கும் ஒருவாட்டி ஒப்பிச்சுப்போடுங்களே" என்றாள்.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒப்பிக்கலாம். பாடந்தானே" என்றார்.

அந்த மகிழ்ச்சியோடு அவள் அண்ணனிடம் ஓடினாள். அவர் காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டே, "ருமேனியாவுல கூப்பிட்டா ருமேனியாவுல இருக்கற ஊட்டுக்கு வேணா போறேன். கொல்லிமலையில இருக்கற ஊட்டுக்குத் தமிழ்லதான் கூப்படோணும்" என்றார்.

"அவரு சத்தியம் பண்ணியிருக்கறாரே அண்ணா!"

"நானும் சொன்ன சொல்லு சொன்னதுதான், அம்மிணி."

வள்ளியாத்தாளுக்கு வந்த கோபத்தில் அந்தக் கொட்டையையெல்லாம் வாரி அவர் தலையில் கொட்டியிருப்பாள். விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் எங்கேயோ போய் ஒரு கிடாக்குட்டியைப் பிடித்துவந்து கொல்லையில் கட்டினாள். எதுக்கு இது என்று சென்னியப்பன் கேட்டார்.

"வேண்டுதலுங்க."

"என்ன வேண்டுதல்?"

"நெறவேறுனாச் சொல்றேன். தழையை ஒடிச்சுப் போடுங்க."

அவரும் தினம் தழை ஒடித்துப்போட்டு, அதனிடம் பாடத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் சிவப்புக் காட்டாமல் கேட்டது.

சம்பந்திகள் வருகிற நாள் வந்தது. ராதிகாவும் மிஹாயும் அவன் அப்பா அம்மாவும் ஏறிவந்த வாடகைக் கார், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ராதிகா யாரைக் கூப்பிடுவாள்? மாமனைத்தான். டவர்ப் பாறையில் இருந்த முருகானந்தம் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். வளைவுகளில் சுற்றிச் சுற்றி, சம்பந்தியம்மாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து, ஒரு வழியாக ஜீப் தோட்டத்து வாசலில் வந்து நின்றது.

சென்னியப்பன் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். இரண்டு கையையும் கூப்பி, "பீனே அத்ஸ் வெனீத்துங்க!" என்றார்.

ங்க வந்தே விட்டது. ஆனால் அந்தச் சோளக்காட்டு மனுஷர் முகம் மலர்ந்துபோயிற்று. அவர்கள் ஊரிலும் இதற்குப் பதில் சொல்கிற வழக்கம் உண்டாம். "பீனே வம் கசீத்" என்று அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, ராதிகா வழியெல்லாம் சொல்லிக்கொடுத்ததை, நிறுத்தி நிறுத்தி, கையைக் கூப்பிச் சொன்னார். "வந்-தே-னுங்க."

வள்ளியாத்தாள் வாங்க என்றாள். அவளுக்கும் ஒரு வந்தேனுங்க கிடைத்தது. சம்பந்தியம்மாளிடமிருந்து ஒன்று, மிஹாயிடமிருந்து ஒன்று. எல்லாரும் உள்ளே வந்தாயிற்று. முருகானந்தம் மட்டும் வெளியே, ஜீப்பில் சாய்ந்தபடி நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை. ராதிகா அப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். ஜீப்பின் டயரைப் பார்த்து, "பீனே அத்ஸ் வெனீத்துங்க" என்றார்.

"நூ இன்செலேக்" என்றார் முருகானந்தம். புரியவில்லை.

சம்பந்தி திரும்பிப் பார்த்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? இந்த மனுஷனுக்கு ருமேனிய பாஷை சரியாக வரவில்லை, உதவி செய்வோம் என்று நினைத்துக்கொண்டார். காதுகேளாதவருக்குச் சொல்வது மாதிரி, "பீனே! அத்ஸ்! வெனீத்!" என்று கத்தினார்.

"நூ இன்செலேக்" என்றார் முருகானந்தம், டயரைப் பார்த்து.

சம்பந்தியம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே அருகில் போய்ச் சைகையோடு சொன்னாள். நூ இன்செலேக். மிஹாய் சொன்னான். நூ இன்செலேக். சம்பந்திக்குப் பொறுக்கவில்லை. வாசலைத் தாண்டி மறுபடி வெளியே போய், முருகானந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். இந்த ஆள் உள்ளே வராமல் நானும் வரமாட்டேன் என்று தலையை வேறு ஆட்டினார். உள்ளே வந்த சம்பந்தி வெளியே நிற்கிறார்! வெயிலில்! பயணக் களைப்போடு!

சென்னியப்பனுக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் பொறுமை உடைந்தது.

"ஏனுங் மச்சான்! கரடி வெளங்குச்சு, பூனை வெளங்குச்சு, இது மட்டும் உங்களுக்கு வெளங்கலையா? சம்மந்தியை வெய்யில்ல நிறுத்திப்போட்டு வேடிக்கையா காட்டறீங்க? வாங்கன்னா வாங்க! உள்ள வாங்க மச்சான்! இன்னும் எத்தன வாட்டி வாங்கங்கறது!"

முருகானந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்தேனுங்க மாப்ள" என்றார். சம்பந்தியின் கையைப் பிடித்தபடியே வாசலை மிதித்து உள்ளே வந்தார். ராதிகா ஓடிப்போய் மாமனைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தி, தன் பாடம் பலித்துவிட்டது என்ற பெருமையில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்க அவள் முயற்சிக்கவில்லை.

சென்னியப்பன் மட்டும் வெளிறிப்போய் நின்றார். என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெரியசாமி! தமிழ்லயே பேசிப்போட்டேனே! சத்தியம் போச்சே! புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கற நேரத்துல..."

கொல்லையில் கிடா கத்தியது.

"அதுக்குத்தானுங்க அது" என்றாள் வள்ளியாத்தாள். "நீங்க சத்தியத்தை மீறிப்போடுவீங்க, மீறுனதுக்கு ஒரு கெடா குடுத்தர்றேன், கோவிச்சுக்காத சாமின்னு அன்னிக்கே நேந்துட்டு வந்துட்டேன். எத்தன வருசமா உங்களோட குடும்பம் நடத்தறேன்? கோவம் வந்தா நீங்க எந்தப் பாசையில பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கிடா கத்திய பக்கம் பார்த்தார். தன் கையால் ஒடித்துப்போட்ட தழையெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்து மாமனும் மச்சானும் சம்பந்தியுமாக டவர்ப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியாத்தாள் காப்பிச் சொம்போடு வருவதைப் பார்த்ததும் முருகானந்தம் பழக்கதோஷத்தில் குனிந்து, "ஊர்சுவாயிக்கா வீனே" என்று முனகினார். சென்னியப்பன் கப்பென்று வாயை மூடிக்கொண்டார். சம்பந்தி ஒன்றும் புரியாமல், எங்கே பொம்பளைக் கரடி என்று பயந்து பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வள்ளியாத்தாள் மூன்று பேருக்கும் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். அண்ணன் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"ஊர்சுவாயிக்கா இன்செலேஜே."

பொம்பளைக் கரடிக்குப் புரிகிறது.